நாற்பதாவது வட்டம்

ஜூன் 4
தம்பி காட்டு வேலை முடிந்து வந்திருக்கிறான். குளிர், காய்ச்சல். நேரே என் ஆய்வகத்துக்கே வந்துவிட்டான். வரிசையில் உட்கார் என்றால், "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையச் சொல்றியாக்கா?" என்கிறான். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தேன். மலேரியா இல்லை.

ஜூன் 7
தம்பி மனைவி போன் செய்தாள். வலிப்பு வந்து பல் கிட்டிவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரி. மலேரியாவேதான்.

ஜூன் 8
இன்னும் நினைவு வரவில்லை. டாக்டர் சொன்னதை எழுதிவைக்கிறேன், தலையில் நிற்கவில்லை. கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. மூளையில் அடைத்ததால் வலிப்பு. சிறுநீர் முதலில் கறுத்தது, பிறகு நின்றுவிட்டது. கல்லீரல் தாளாமல் கண் மஞ்சள். மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுகிறது. நுரையீரலில் நீர் கோத்துவிடாமல் பார்க்க வேண்டுமாம். எல்லாம் நான் படித்து மார்க் வாங்கிய பாடம்தான்.

அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

ஜூன் 9
டயாலிசிஸ்.

ஜூன் 10
அன்று தம்பி ரத்தம் தடவிய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். நுண்ணோக்கியில் ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி நூறு வட்டம் பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுத வேண்டும். அன்று நாற்பதில் நிறுத்திவிட்டேன். ஊரான் ரத்தம் என்றால் நூறும் பார்த்திருப்பேன். இவன் பக்கத்தில் நின்று கேலி பேசிக்கொண்டே இருந்தான், எனக்கும் சிரிப்பு.

அறுபத்து மூன்றாவது வட்டத்தில் கிருமி இருந்தது. சின்ன மோதிரம் மாதிரி.

ஏன்டி நிறுத்தினே? அப்படி என்ன அவசரம்?

ஜூன் 11
தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். "நாப்பதுதானா, அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 15
கண் திறந்தான். தண்ணீர் கேட்டான்.

ஜூலை 5
வீடு திரும்பி ஒரு வாரம். சிறுநீரகம் தேறிவிட்டது. இடது கை நடுங்குகிறது, டம்ளர் பிடிக்க வரவில்லை.

மறுபரிசோதனைக்கு இன்று ரத்தம் எடுக்க வேண்டும். விரலை என்னிடம்தான் நீட்டினான். "நீயே பாத்துச் சொல்லுக்கா. மத்தவங்க பாத்தா எனக்கு நம்பிக்கை வராது." நான் குத்தி, கண்ணாடியில் தடவி, காய வைத்தேன். தம்பி மனைவி கையை நீட்டினாள். ஸ்லைடைக் கொடுத்தேன். தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள்.

எங்கே போகிறாள் என்று கேட்டான். வேறு ஆய்வகத்துக்கு என்றேன். ஏன் என்றான்.

அவன் விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜூன் நான்கிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.