கண்ணாடிக் குண்டும் பாப்பாவும்

ஜூலை 8, செவ்வாய்.

காலையில் பாப்பா மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டைக் கட்டிக்கொண்டு, "அப்பா" என்று முத்தம் கொடுத்தாள். ராஜபாளையம் கல்லூரியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த கண்ணாடிக் குண்டு அது. உள்ளே ஒரு நீலப்பூ. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது கொண்டுவந்தேன். துபாயிலிருந்து அவர் வீடியோவில் பேசும்போது போனை அதில்தான் சாய்த்து வைப்பேன். பேசி முடித்துப் போனை எடுத்துவிட்டால் பாப்பாவுக்கு மிஞ்சுவது அதுதான்.

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏட்டி, எம்மவன் எம்புட்டுச் சின்னதா ஆயிட்டான் பாரு. இனி நெசமாவே முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிடலாம்." நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

ராத்திரி அவர் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன சொல்லுத?"

"உங்க இஷ்டம்."

"பாப்பா என்னயத் தேடுதாளா?"

"தேடுதா."

அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம். காலையில் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கையெழுத்துப் போடாமல் கிளம்பி வந்துவிடுவார். வந்து, இங்கே எந்த வேலைக்குப் போவார், வீட்டு லோனை யார்...

"வந்திருங்க" என்று இரண்டு தடவை போனில் அடித்து, இரண்டு தடவையும் அழித்துவிட்டேன். அவர் இன்னும் தூங்கவில்லை. பெயருக்குக் கீழே ஆன்லைன் என்றுதான் காட்டுகிறது.