பார் இல்லாத சைக்கிள்

ஜூலை 4, வெள்ளி

விடிஞ்சதுலேர்ந்து காத்து. கொடியில போட்ட புடவை பக்கத்து வூட்டு மாடியில.

லேப்ல மேடம் கூப்பிட்டாங்க. "பதினேழாம் தேதிலேர்ந்து ஆறு மணிக்கு வந்துடணும் மாலதி. வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வர்றவங்க எட்டு வரைக்கும் காத்திருக்க மாட்டேங்கறாங்க." சரின்னுட்டேன். இந்த வேலையும் போனா என்ன பண்றது.

துறைமங்கலத்துலேர்ந்து அந்நேரத்துக்கு டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. தினம் ஆட்டோ கட்டுப்படியாகாது. சைக்கிள்தான்.

வூட்ல ஒண்ணு இருக்கு. இவரோடது. உசரமான பார் வச்சது, புடவையோட காலைத் தூக்கிப் போட முடியாது. முடிஞ்சாலும் எடுக்க மாட்டேன். நல்லா நடந்ததும் அவருக்கு வேணுமே. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில ஃபிட்டர். கம்பெனி பஸ் நிக்கற இடம் வரைக்கும் அதுலதான் போவார். பக்கவாதம் வந்து எட்டு மாசம். இடது கையும் காலும் இன்னும் சரியா வரல, செவுத்தைப் பிடிச்சு நாலு அடி வைப்பார். பேச்சு குழறும். எனக்குப் புரியும்.

ரெண்டாவதா ஒண்ணு வாங்கணும். இவர்கிட்ட இன்னும் சொல்லல.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிட்டேன். இவர் கேட்டது:

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

வாலிகண்டபுரத்துல பத்தாவது படிக்கற வரைக்கும் ஓட்டினேன்னு சொன்னேன்.

"அது ஆச்சு முப்பது வருஷம்."

ஆமா.

சாயங்காலம் அவர் சைக்கிளுக்குக் காத்தடிச்சேன். ஞாயித்துக்கிழமைன்னா அது ஒரு வேலை. டயர் எறங்கிக் கெடந்தா மனசு விட்டுப்போயிடும் அவருக்கு. அவர் கண்ணு முன்னாலதான் அடிப்பேன். இன்னைக்கு மொகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டார். தூக்கம் போல.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் பர்மிஷன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சைக்கிள் கடை. பாத்தது:

- கியர் வச்சது. குனிஞ்சு ஓட்டணும். கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல. வெலையும் எட்டாது.
- மடக்கற சைக்கிள். சக்கரம் சின்னது. நம்ம ரோட்டுப் பள்ளத்துல மாட்டிக்கும்.
- லேடீஸ் சைக்கிள், கூடையோட. செயின் முழுசா மூடியிருக்கு, புடவை சிக்காது. மனசுக்குப் பிடிச்சுது. புதுசு, அதான் யோசனை.

கடைக்காரர், "வூட்ல பழசு இருந்தா கொண்டாங்க. கொறச்சுப் போட்டுத் தரேன்."

"இருக்குங்க. அது எங்க வூட்டுக்காரருக்கு வேணும்."

"சார் ஓட்டறாரா?"

"ஓட்டுவாருங்க."

வெளிய வந்து ஒரு மோர் வாங்கினேன். கையில வச்சுக்கிட்டே நின்னேன், குடிக்கத் தோணல.

ஜூலை 10, வியாழன்

நாத்தனார் போன், அரியலூர்லேர்ந்து. அவ தெருவுல ஒரு டீச்சர் வூட்ல லேடீஸ் சைக்கிள் வெலைக்குக் குடுக்கறாங்களாம். "பழசுதான், ஆனா அதிகம் ஓடல அண்ணி. ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து எடுத்துடுங்க."

இவர்ட்ட சொன்னேன். பேப்பர் கேட்டார். வலது கையால எழுதிக் குடுத்தார்: பிரேக் கட்டை. ரிம் கோணலா பாரு. பெடல் ஆட்டம். ஸ்போக் எண்ணு.

எழுத்து மட்டும் மாறல. பேப்பரை இந்த நோட்டுக்குள்ள வச்சிருக்கேன்.

ஜூலை 13, ஞாயிறு

அரியலூர். பஸ்ல நல்ல கூட்டம். பின் சீட்டு அம்மா போன்ல, "அவன் சாப்புட்டானா, அதை மட்டும் சொல்லு." அதையே திரும்பத் திரும்ப.

சைக்கிள் நீலம். கூடை ஒரு பக்கம் நசுங்கல். எழுதிக் குடுத்தது எல்லாம் பாத்தேன். முன் பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, மத்தது சரி. டீச்சர் ஓட்டிப் பாக்கச் சொன்னாங்க. மொத ரெண்டு மிதி தடுமாறிச்சு. அப்புறம் தானா வந்துடுச்சு. திரும்பி வரும்போது சிரிச்சுக்கிட்டே வந்தேனாம். நாத்தனார் சொன்னா. "நீங்க சிரிச்சுப் பாத்து எவ்ளோ நாளாச்சு அண்ணி."

அதைக் கேட்டதும் ஏதோ தப்புப் பண்ண மாதிரி ஆயிடுச்சு.

எடுத்தாச்சு. தெரிஞ்ச மினி லாரியில நாளைக்கு ஏத்தி அனுப்பறாங்க. வூடு வர இருட்டிடுச்சு. காத்தடிக்கல.

ஜூலை 14, திங்கள்

வேலை முடிஞ்சு வந்தா முன் ரூம்ல நீல சைக்கிள் நிக்குது. இவரோடதைக் காணோம். திருட்டுப் போச்சுன்னு நெனச்சேன்.

"சேகருக்குக் குடுத்துட்டேன்." சேகர் இவரோட ஆலையில வேலை பாத்தவர். அப்பப்ப பாக்க வருவார்.

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா விட மாட்ட."

"நல்லானதும் என்ன பண்ணுவீங்க?"

சட்டையை மாத்தி விடக் கிட்ட போனேன். அப்பதான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ காத்தடிக்கற. அடுத்த ஞாயிறுக்குள்ள அதுல ஏறிடணும்னு நானும் பாக்கறேன். முடியல. உன் மூஞ்சியப் பாக்க முடியல மாலதி."

அதிகம் குழறல. மனசுக்குள்ள எத்தனை தடவை சொல்லிப் பாத்தாரோ.

அவருக்காக அடிக்கறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

பாத்ரூம் போய் குழாயைத் தொறந்துவிட்டு உக்காந்துட்டேன். வாளி ரொம்பி வழிஞ்சு போச்சு. ராத்திரிக்குச் சோறு, ரசம் மட்டும்.

ஜூலை 16, புதன்

பிரேக் கட்டை மாத்தியாச்சு. இவர் சொல்லச் சொல்ல நானே. கடைசித் திருகு மட்டும் ஸ்பேனரைக் கேட்டு வாங்கித் தானே முறுக்கினார். வேர்த்துப் போச்சு அவருக்கு.

இவருக்குக் கை கால் பயிற்சி குடுக்க வர்ற தம்பியை வாசல்ல நிறுத்திக் கேட்டேன். "குச்சி வச்சு நடக்க வச்சுடலாம்க்கா. சைக்கிள்லாம்..." அதோட நிறுத்திட்டார். ஆரம்பத்துலயே கேட்டிருக்கலாம். பயத்துல கேக்கல.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. அஞ்சு முப்பத்தஞ்சுக்கே கெளம்பிட்டேன். இட்லி ஹாட் பாக்ஸ்ல, தண்ணி கை எட்டற இடத்துல. வாசல் வரைக்கும் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தார்.

"லாரி வந்தா எறங்கிடு."

"எறங்கறேன்."

எதிர்காத்து. மிதிக்க மிதிக்க நகரவே மாட்டேங்குது. தெரு முனை வரைக்கும் திரும்பிப் பாக்கல. பாத்தா அங்கயே எறங்கிடுவேன்.