சுருக்கம் இல்லாத முகம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்தே தூறல். கடை ஷட்டரைத் தொட்டதும் இடது கையில் இரண்டு விரல் வெளுத்துவிட்டது. இரும்பின் குளிர். கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். வெள்ளை, பிறகு நீலம், பிறகு சிவப்பு. மதினி வந்துதான் ஷட்டரைத் தூக்கினாள்.

அண்ணனைக் கட்டி வந்த புதிதில் என்னிடம் புருவம் எடுத்துக்கொள்ளவே பயந்தவள் இந்த மதினி. இப்போது பார்லரில் நூல் பிடிப்பது அவள்தான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடிக்க வேண்டும். என் வாய் அவ்வளவு திறப்பதில்லை. விரலும் மடங்குவதில்லை. நான் கல்லாவில்.

மத்தியானம் பூக்கடை பகவதி. மாதம் தவறாமல் புருவத்துக்கு வருகிறவள். வாய் சும்மா இருக்காது.

“ஏட்டி கோமதி, நீயும் நானும் ஒரே வயசுதான? ஒனக்கு நெத்தில ஒரு கோடு கெடையாது. மூஞ்சி மெழுகுன மாதிரி இருக்கு. என்ன கிரீம் போடுத? மறைக்காதட்டி.”

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி: “அந்தா அந்தப் பச்ச டப்பா. அதத்தான் அவ தெனமும் தேய்க்கா.”

பகவதி ஒரு டப்பா வாங்கிப் போனாள். மதினி சொன்னது முழுப் பொய்யும் இல்லை. தேய்க்கிறேன். வறட்சிக்கு. காசை வாங்கிக் கல்லாவில் போட்டேன். புருவம் எடுக்க வந்தவளை உட்கார வைத்து வியாதியைச் சொல்ல முடியுமா?

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. முகூர்த்த நாள். காலையில் ஒரு மணப்பெண், வாசுதேவநல்லூர் பக்கம். மேக்கப் மதினி. நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்க ஆசை. தொடவில்லை. என் கை சில்லிட்டிருக்கும், பதறிவிடுவாள்.

வாய்க்குள் போகாதவை: முழு இட்லி. குழம்புக் கரண்டி (ருசி பார்க்க டீஸ்பூன்தான்). பல் பிரஷ். (சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளதை வாங்கியாயிற்று. பிடியில் கரடி பொம்மை.)

கைக்கு முடியாதவை: சேஃப்டி பின். தேங்காய் துருவல். நூல். பிளவுஸ் கொக்கி. கொக்கியை இவர் மாட்டிவிடுகிறார். ஆரம்பத்தில் கூச்சப்பட்டார். இப்போது டிவி செய்தியைப் பார்த்துக்கொண்டே மாட்டுகிறார். ஒன்று தப்பிப் போகிறது.

வியாதியின் பெயர் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். மதினிக்குச் சொல்லியிருப்பது ‘ரத்த ஓட்டக் கோளாறு’. இவருக்குத் தெரியும், ஆனால் பெயர் வாயில் நுழையாது. “அந்த இறுக்கம்” என்பார். எனக்கு அது போதுமான பெயராகத்தான் படுகிறது. தோல் தடித்து இறுகுகிறது. விரலில் ஆரம்பித்து முன்கை, பிறகு முகம். முகம் இறுகியதில் சுருக்கமெல்லாம் போய்விட்டது. ஃபேஷியலுக்கு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. கடையில் நல்ல கூட்டம். மதினி பச்சை டப்பாவை எடுத்துக் கண்ணாடி முன்னால் அடுக்கி வைத்திருக்கிறாள். தீர்ந்துகொண்டே வருகிறது.

செவ்வாய் நெல்லை போக வேண்டும். தோலுக்கு ஸ்கேன். மே மாதம் மாத்திரை ஆரம்பிக்குமுன் ஒன்று எடுத்தார்கள். இது இரண்டாவது. தடிமன் குறைந்திருந்தால் இதே மாத்திரை. கூடியிருந்தால் மாத்திரை கேட்கவில்லை என்று அர்த்தம், மாதா மாதம் அட்மிட் ஆகி ஊசி. “தோல் இதே வேகத்துல இறுகுச்சுன்னா உள்ள நுரையீரலும்...” டாக்டரம்மா முடிக்கவில்லை.

முன்பெல்லாம் கிள்ளிப் பார்த்து மார்க் போடுவார்கள். விரல், புறங்கை, முன்கை, நெஞ்சு, கால் என்று ஒவ்வொரு இடமாக. நன்றாக மடிந்தால் பூஜ்யம், மடியவே மடியாவிட்டால் மூன்று. டாக்டரம்மா கிள்ளி ஒரு மார்க், கூட இருந்த சின்ன டாக்டர் கிள்ளி வேறொரு மார்க். கிள்ளுகிற கைக்குத் தக்க வியாதி. அதனால்தான் ஸ்கேன் என்றார்கள்.

பயம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பயம்தான். ஆனால் அதுவும் விரல் மாதிரி மரத்துக் கிடக்கிறது. தொட்டால் இருப்பது தெரிகிறது, வலிக்கவில்லை.

வாங்க: கையுறை. உப்பு. கொண்டை ஊசி (கடைக்கு).

நவம்பர் 11, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை புருவம் எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் ஆஸ்பத்திரிக்கு எப்போதும் இந்த நாள். பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. தேவர்குளம் வரை இவர் துண்டைச் சுற்றிக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஸ்கேன் ரூம் வாசலில் எல்லாம் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற போர்டு. பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்:

“ஒங்களுக்கு எத்தன மாசம்க்கா?”

மாத்திரை ஆரம்பித்ததைத்தான் மனசில் எண்ணிக்கொண்டிருந்தேன் போல. “ஆறாச்சு” என்றேன்.

என் வயிற்றைப் பார்த்தாள். “தெரியவே இல்லையே!” பிறகு இவரிடம் திரும்பி, “ரொம்ப நாள் கழிச்சு வந்த விசேஷமோ அண்ணாச்சி?” தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர் இவர். என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஆட்டினார்.

உள்ளே. ஜெல் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்திருந்தார்கள், என் கை குளிர் தாங்காது என்று சீட்டில் எழுதியிருந்ததாம். பார்லரில் நாங்கள் மெழுகைச் சூடாக்குகிற மாதிரி. மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. விரல் மேல் ஜெல்லைக் குவித்தார் டாக்டரம்மா. கருவி அந்த ஜெல் மேலேயே நின்றது. தோலைத் தொட்ட மாதிரியே இல்லை.

“அமுக்கக் கூடாதும்மா. அமுக்குனா தோல் நசுங்கி, கம்மியா காட்டிரும்.”

திரையில் மேலே ஒரு வெள்ளைக் கோடு. அதன்கீழ் சாம்பல் நிறப் பட்டை. பட்டையின் மேல் விளிம்பில் ஒரு புள்ளி, கீழ் விளிம்பில் ஒரு புள்ளி. இடைப்பட்டதுதான் தடிமன். எத்தனை பேர் தோல்மேல் கை வைத்துப் பிழைத்திருக்கிறேன், உள்ளே எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. போன தடவை திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கேக் துண்டு மாதிரி அடுக்கு. விரல், புறங்கை, முன்கை, நெஞ்சு. ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப.

முடிவு: முன்கையில் குறைந்திருக்கிறது. விரலில் அப்படியே.

இவர் சத்தமாக: “கொறஞ்சிருக்குல்லா? அப்ப நல்லதுதானம்மா?”

“நல்லதாவும் இருக்கலாம். ஆனா குறையறதுக்கு ஒரே காரணம் இல்ல, அண்ணாச்சி. மாத்திரை கேட்டுத் தோல் இளகியிருந்தாலும் குறையும். சத்தெல்லாம் போயி மெலிஞ்சிருந்தாலும் குறையும். இந்த ஒரு ஸ்கேன வச்சு எதுன்னு அடிச்சுச் சொல்ல முடியல. மாத்திரைய நிறுத்தாண்டாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம்.”

எழுந்தபோது என் நெற்றியைப் பார்த்துச் சொன்னார்: “கண்ணாடி முன்னாடிதான நிக்கிறீங்க நாள் பூரா? இளகுனா மடிப்பு விழும். சுருக்கம் எதும் விழுந்தா எனக்குப் போன் பண்ணுங்க. மிஷினுக்கு முந்தி அது சொல்லிரும்.”

வரும்போது பனவடலிசத்திரம் தாண்டித்தான் இவர் கேட்டார்: “அந்தப் பிள்ள எங்கிட்ட என்ன கேட்டுச்சு?” சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். பிறகு ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நவம்பர் 12, புதன்

மேகம். கடைக் கண்ணாடியில் நெற்றி பார்த்தேன். ஒன்றுமில்லை. புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன். புருவம் ஏறவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

கரண்ட் இல்லை. பார்த்தேன். ஒன்றுமில்லை. மிக்ஸி ரிப்பேர்.

நவம்பர் 16, ஞாயிறு

ஒரு காலேஜ் பெண்ணிடம் மதினி: “எங்க கோமதி வயசக் கேட்டா நம்பமாட்ட. எல்லாம் இந்த டப்பாதான்.” எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். பெண் போனதும் டப்பாக்களை அப்படியே வாரி அலமாரிக்கு அடியில் போட்டேன். மூடி ஒன்று உருண்டு வாசல் வரை போனது.

“என்னட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?”

சொன்னேன். பெயர், மே மாதம், நுரையீரல், ஸ்கேன், எல்லாம். மதினி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“இத்தன நாளா எங்கிட்ட மறச்சிட்டியே. நான் என்ன பிறத்தியாளா?” அழுதாள். “நீ நோயில கெடக்க, நான் ஒம்மூஞ்சியக் காட்டி ஏவாரம் பாத்திருக்கேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. தேற்ற வேண்டியவள் நான் என்று புரிந்தது. டீ வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தாள். ஆற்றிக் கொடுத்தாள்.

நவம்பர் 21, வெள்ளி

கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்த்துப் பார்த்து, இல்லாததும் இருக்கிற மாதிரி தெரிகிறது. லைட்டைப் போட்டால் போய்விடுகிறது.

இவர் கொக்கி மாட்டும்போது டிவியை நிறுத்துகிறார். எப்போதிலிருந்து என்று கவனிக்கவில்லை. ஒன்றும் தப்புவதில்லை.

நவம்பர் 26, புதன்

நாள் பூரா மழை. கையுறை நனைந்தது. ஆள் இல்லை. மதினி தன் தொடையில் நூல் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். என் பழைய வேகம் வந்துவிட்டது அவளுக்கு. நன்றாக இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்த் துண்டுகளை மடித்தேன். பொறாமைதான். வேறென்ன.

டிசம்பர் 1, திங்கள்

வெயில் நல்ல வெயில். மதினி ஒரு டீச்சருக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். பகவதி வந்தாள், மல்லிகை வாசனையோடு. நாற்காலியில் உட்காரவில்லை. பச்சை டப்பாவை என் முன்னால் டக்கென்று வைத்தாள். பாதி காலி.

“இந்தா, இத நீயே வச்சுக்கோ. ஒரு மாசமா தேய்ச்சேன். என் மூஞ்சில ஒரு கோடு கொறையல.”

“சரி பகவதி, தா. திருப்பி எடுத்துக்கிடுதேன்.”

“எனக்குத்தான் கேக்கலன்னு பாத்தா, ஒனக்கே கேக்கலயேட்டி! ஒன் நெத்தியிலயே கோடு விழுந்துட்டு. இதெல்லாம் ஒரு கிரீமா?”

மதினி பல்லில் கடித்திருந்த நூல் விழுந்தது. டீச்சர் கண்ணைத் திறந்தாள்.

“எங்கன?” என்றேன்.

“எங்கனயா? கண்ணாடிக் கடைல உக்காந்துட்டுக் கேக்கா பாரு. இங்கனதான்.” பூக் கட்டிக் கட்டிக் காய்த்த விரலால் என் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தாள், வலது புருவத்துக்கு மேலே. “இந்தா பாரு, இதுல என் நகமே நிக்குது.”

“இன்னொரு வாட்டி காட்டு.”