ஆயுத பூஜைக்குக் கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டர்

என் பாவாவுக்கு,

இந்தத் தடவை சண்டை போட எழுதவில்லை. பெருமையடித்துக்கொள்ளத்தான். உங்கள் கறுப்பு வாடகைக் கார் நேற்று திருத்தணி மலை ஏறியது. ஏற வைத்தது யார் தெரியுமா? "உனக்குத் தறிதான் தெரியும், இஞ்சின் தெரியுமா?" என்று பொதட்டூர்பேட்டைப் பெண் ஒருத்தியைக் கிண்டல் செய்வீர்களே, அவள்தான்.

நீங்கள் போய் வருஷம் திரும்பிய பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை உங்கள் தம்பி ரவி கழற்றி, சந்தனம் குங்குமம் இட்டு, உங்கள் படத்தின் முன்னால் வைத்துவிட்டான். "அண்ணன் கை ரொம்ப பட்டது இதுலதான் அண்ணி" என்றான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. தடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மாட்டினான். வண்டி கிளம்பவில்லை. கார்புரேட்டர் வழியாகப் படீர் படீரென்று வெடித்தது. வால்வு இடைவெளிதான் கோளாறு என்று டாப்பெட்டைத் தளர்த்தினான், இறுக்கினான். வெடிப்பு நிற்கவில்லை.

"வால்வு எரிஞ்சிபோச்சி அண்ணி. இத்த வெச்சிகினு என்னா பண்றது? பழைய இரும்புக்காரர சாயங்காலம் வரச் சொல்லிட்டேன்."

நமக்குச் சோறு போட்ட வண்டியல்லவா? அதை உடைத்து எடைக்குப் போடுவதா?

"முந்தாநாள் வரைக்கும் ஓடிகினு இருந்துச்சே. பூஜைக்கு வால்வையா கழட்டின?"

"இல்லீங்க அண்ணி."

"அப்ப கழட்டினத பாருப்பா."

நீங்கள் டாப்பெட் வைக்கும்போதெல்லாம் வண்டிக்கு முன்னால் நின்று இஞ்சினைச் சுழற்றும் கைப்பிடியைச் சுற்றியது நான்தானே? "சுத்து... ஆங், நிறுத்து" என்று அதட்டுவீர்கள். ஒன்றாம் சிலிண்டர் காற்றை அழுத்தி முடிக்கும் நேரத்தில்தான் பொறி வர வேண்டும் என்று உங்களுக்குள் முணுமுணுப்பீர்கள். காது எனக்கும் இருந்தது பாவா.

முதல் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ரவியைக் கட்டைவிரல் வைக்கச் சொன்னேன். கைப்பிடியைச் சுற்றினேன். "காத்து தள்ளுது அண்ணி!" என்று கத்தினான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால், பொறி ஒன்றாம் பிளக்குக்குப் போகாமல் நாலாம் பிளக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது! பக்தியில் அரைச்சுற்று மாற்றி மாட்டியிருக்கிறான். சரியாகத் திருப்பி உட்கார வைத்து, டாப்பெட்டையும் பழையபடி வைத்தோம். அடுத்த சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

அப்போதே மலைக்குச் சவாரி வந்தது. ரவி ஓட்டினான், நானும் ஏறிக்கொண்டேன். மேடேறும்போது இஞ்சின் இடித்தது. பொறி கொஞ்சம் முந்துகிறதென்று டிஸ்ட்ரிபியூட்டரை நூலளவு பின்னுக்குத் திருப்பச் சொன்னேன். பிறகு முனகல்கூட இல்லை. எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா? அதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்றும் இருந்தது.

இரும்புக்காரர் வந்தபோது வாசலில் வண்டி இல்லையாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த ஆயுத பூஜைக்கும் வண்டியிலிருந்து ஒரு திருகாணிகூடக் கழன்று உங்களிடம் வராது. உங்கள் படத்தைத்தான் எடுத்துவந்து வண்டியின் முன்சீட்டில் வைப்பேன்.

இஞ்சின் தெரிந்த உங்கள் மாமன் மகள்,
கோமளா