பாதிக்குப் பாதி

செப்டம்பர் 6

மாமனார் நினைவு நாள் ஜெபம். சாப்பிட உட்கார்ந்ததும் மைத்துனர் பியங்ஹோ ஆரம்பித்தார். சபையில் இருபது வருஷமாக ஞாயிறு வகுப்பு எடுக்கிற மனுஷர், சும்மா விடுவாரா?

"மாப்ளே, ஓர் உயிர் ரெண்டு இனமாப் பிரியும்கிறீங்க. பிரிஞ்சா 'பார்த்தியா'ன்னுவீங்க. பிரியலைன்னா 'இன்னும் காலம் ஆகணும்'னுவீங்க. பூனையை எப்படிப் போட்டாலும் நாலு கால்லதான் நிக்கும். தோக்கவே முடியாத கதை எப்படி விஞ்ஞானம் ஆகும்?"

என் மனைவி ஹேரான் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் அடங்கவில்லை. ஒரே கூட்டத்துப் பழ ஈக்களை இரண்டாகப் பிரித்து ஒன்பது வருஷமாக ஆய்வகத்தில் வளர்க்கிறேன். ஒன்றுக்குப் பார்லி மாவு, மற்றதற்கு உருளைக்கிழங்கு மாவு. இப்போது ஒரே குப்பியில் விட்டால் ஒவ்வொன்றும் தன் கூட்டத்திலேயே ஜோடி தேட வேண்டும். பாதிக்குப் பாதி கலந்தால் நான் தோற்றேன்; காலம் போதவில்லை என்று சாக்குச் சொல்ல மாட்டேன். சூசொக் அறுவடைப் பண்டிகைக்குள் முடிவு தெரியும் என்றேன்.

"தோத்தா ஒத்துக்குவியா?"

"ஒத்துக்குவேன். நீங்க?"

"என் வகுப்புலயே எழுந்து நின்னு சொல்றேன், போதுமா?"

வாய் சும்மா இருக்கிறதா எனக்கு.

செப்டம்பர் 8

சோதனைக்கு முன்னால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரு தலைமுறை ஒரே தீனி போட்டு வளர்ப்பது வழக்கம். போமி அதைத்தான் கேட்டாள், என் ஆய்வகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆராய்ச்சியாளர். செய்தால் மூன்று வாரம் போய்விடும், பண்டிகை வந்துவிடும். "ஒன்பது வருஷம் வளர்ந்தது மூணு வாரத்துல மாறிடவா போகுது?" என்றேன். சரி சார் என்று போய்விட்டாள்.

செப்டம்பர் 24

பிரிந்திருக்கின்றன. பத்து ஜோடிக்கு ஏழு சொந்தக் கூட்டத்துக்குள்ளேயே.

எண்ணியவள் போமி. அடையாளத்துக்கு ஒரு கூட்டத்தின் மேல் சிவப்புப் பொடி, மற்றதன் மேல் பச்சை. எது எந்தக் கூட்டம் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாதவர்தான் எண்ண வேண்டும், அதுதான் எங்கள் விதி. ஆசை கண்ணை மறைக்கும்.

செப்டம்பர் 29, சூசொக்

விஷயத்தைச் சொன்னேன். மைத்துனர் கையிலிருந்த கொழுக்கட்டையைத் தட்டில் வைத்தார். "சரி மாப்ளே. சொன்ன சொல் சொன்னதுதான்."

அவர் முகத்தைப் பார்க்க ஏனோ சங்கடமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

நிஜமாகவே எழுந்து நின்றிருக்கிறார். "இதைச் சோதிச்சே பார்க்க முடியாதுன்னு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்க வீட்டு மாப்பிள்ளை சோதிச்சுக் காட்டிட்டார். நான் சொன்னது தப்பு" என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். சபைப் பெரியவர்களும் பின்னால் உட்கார்ந்திருந்தார்களாம். ஹேரான் வந்து சொல்லிவிட்டு அழுதாள்.

அக்டோபர் 22

வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 18

பார்லி மாவு வந்து சேரவில்லை. ஒரு மாதமாக இரண்டு கூட்டத்துக்கும் சாதாரண மக்காச்சோளத் தீனிதான். கட்டுரை அனுப்புமுன் கடைசியாக ஒரு முறை சோதித்தோம்.

பாதிக்குப் பாதி.

ஜனவரி 19

மறுபடியும் பாதிக்குப் பாதி. போமி என்னைப் பார்க்கவில்லை.

ஜனவரி 20

வாசனை. அவ்வளவுதான். தின்ற மாவின் வாசனை உடம்பில் ஏறியிருக்கிறது. அதே வாசனை உள்ளதைத் தேடிப் போயிருக்கின்றன. தீனியை மாற்றியதும் எல்லாம் போச்சு. பிரிவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மூணு வாரம் — மூணு வாரம் பொறுக்க முடியல எனக்கு. எதுக்கு? சாப்பாட்டு மேசையில ஜெயிக்க.

ஒன்பது வருஷம் குறைவு, இன்னும் காலம் வேண்டும் என்று எழுதலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் சொன்ன பூனை அதுதானே?

கட்டுரையை நிறுத்திவிட்டேன். கட்டுரை இல்லையென்றால் நிதியும் இல்லை; மே மாதத்தோடு ஆய்வகத்தை மூடுகிறார்கள்.

ஜனவரி 27

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. அவருக்கு இனிமே என்ன இருக்கு?" என்கிறாள் ஹேரான். ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இதுதான். எனக்கும் சொல்லாமல் இருந்துவிடத்தான் ஆசை.

பிப்ரவரி 10, சந்திரப் புத்தாண்டு

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும்.

கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ நான் எதுக்கு எழுந்து நின்னேன்?"

தட்டை ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க கொள்கையே பொய்யா?"

"இல்ல மச்சான். வேற இடத்துல வேற உயிர்கள் பிரிஞ்சதை வேற ஆளுங்க சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அது அதோட சொந்தக் கால்ல நிக்குது. என் ஈக்கள் பிரியல. நான் தோத்துட்டேன்."

சபையில் வந்து நானே சொல்கிறேன் என்றேன்.

"நீ யாரு அங்க? நேத்து ஒண்ணு சொன்னான், இன்னிக்கு ஒண்ணு சொல்றான்னு என்னையும் சேர்த்துச் சிரிப்பானுங்க. வேண்டாம்பா."

சூப் ஆறிப்போய்க் கிடந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹேரான் அவர் பின்னாலேயே வாசல்வரை ஓடினாள்.

மார்ச் 4

போமி தேஜான் நகரத்துக்குப் போய்விட்டாள், வேறு வேலை. தோல்வியையாவது ஒழுங்காகச் சோதித்து எழுதி வைக்கலாம் என்றால் எண்ண ஆளில்லை. நான் எண்ணக் கூடாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

காலையில் ஆய்வகக் கதவைத் திறந்தால் மைத்துனர் நிற்கிறார். சபைக்குப் போகிற அதே கோட்டு, டை. முன்பென்றால் அவர் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய நேரம்.

"ஒண்ணும் தெரியாத ஆளா வேணுமாமே. ஹேரான் சொன்னா."

இரண்டு கூட்டமும் இந்த முறை ஒரே தீனியில் வளர்ந்தவை. பொடி பூசி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்பியோடு மூக்கு ஒட்ட உட்கார்ந்தார். "சிவப்பும் பச்சையும். பச்சையும் பச்சையும். ஏய், கொஞ்சம் நில்லேன், ஓடுது பாரு." எது பார்லி, எது உருளைக்கிழங்கு என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

கூட்டிப் பார்த்தேன். பாதிக்குப் பாதி.

"தோல்விதானே?"

"ஆமா மச்சான்."

கண்ணாடியைக் கழற்றி டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"இதைச் சோதிக்க முடியும்னு அந்தப் பிள்ளைங்ககிட்ட சொன்னேன். அது தப்பில்லையே?"

"இல்ல. அது தப்பில்ல."

தலையாட்டினார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அடுத்த குப்பியை எடு."