ரயில் போனால் எழும் கோடு

என் கண்ணுக்கு,

நேற்று ஆபீசில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், எல்லாரும் குறை சொன்ன அந்தக் கருவியை மேடையில் வைத்தவள் நான்தான். நாங்கள் இருவரும் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மருந்தைக் கண்டால் ஓடும் குணம்தான் குறையவில்லை. எங்கள் ஆபீஸ் நிலவறையில் மூன்று நிலநடுக்கமானிகளை ஒரே மேடையில் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறோம், மூன்றும் கேட்பது ஒரே தரையை, பொதுவாகக் கேட்டதைக் கழித்தால் மிஞ்சுவது அந்தந்தக் கருவியின் சொந்த இரைச்சல். மூன்றாவதில் மட்டும் மிச்சம் நாலு மடங்கு. அதைப் பழுது பார்த்தவர் மெக்கானிக் நூலு அண்ணன், ஒல்லி என்பதால் ஆபீசே வைத்த பெயர். நேற்று என்ஜினியர் எல்லார் முன்னாலும், என்னய்யா ரிப்பேர் பண்ணினே, இதுக்கு உன் வீட்டு மிக்ஸியே தேவலையே என்றார். மிக்ஸியும் நான் பார்த்ததுதான் சார் என்று அண்ணன் சிரித்தார், ஆனால் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார், இந்தச் சோதனையின் அறிக்கையைப் பார்த்துத்தான் அவருடைய ஒப்பந்த வேலையை நீட்டிப்பார்களாம்.

எனக்கு ஒன்று உறுத்தியது. கட்டடத்துக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும்போதெல்லாம் அந்த மிச்சத்தைக் காட்டும் கோடு எழுகிறது, சொந்த இரைச்சலுக்கு ரயில் வருவது எப்படித் தெரியும்? மேலும் கீழுமான அசைவில் குறையில்லை, பக்கவாட்டில்தான். அப்படியானால் கருவி நன்றாகவே இருந்து, வடக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளித் திரும்பி நிற்கிறதோ? திரும்பி நின்றால் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாமல் தரையின் அசைவே கழியாமல் மிஞ்சும். முதல் இரண்டை முட்டி போட்டுத் திசை பார்த்து வைத்தேன், மூன்றாவதற்கு, முட்டி போடாதேம்மா, ஸ்டூல் போட்டு உட்காரு என்று நீ போனில் திட்டினாயே, அந்த இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். இரும்பு பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி பொய் சொல்லும், புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான். ஆனால் எவ்வளவு பக்கத்தில் இருந்தது, நினைவில்லை, ஒருவேளை ரிப்பேரும் சரியில்லையோ, அதுவும் தெரியவில்லை. தெரியாமல் பேசக்கூடாது என்று வாயை மூடினேனா, பயந்து மூடிவிட்டு அதற்கு நிதானம் என்று பெயர் வைத்தேனா, எனக்கே பிடிபடவில்லை. அப்பா, சந்தேகம்னா போய்ப் பாரேன், அதுக்கு எதுக்கு நாலு பக்கம் லெட்டர் என்கிறார், இன்று ஞாயிறு, நிலவறை பூட்டு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, எங்கிருந்தாலும் மனம் குளிர்ந்து நல்லபடியாக இரு. கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னது நினைவிருக்கட்டும்.

உன் அம்மா

திங்கள் மாலை: ஸ்டூலை வெளியே வைத்துவிட்டு முட்டி போட்டுப் பார்த்தேன், மூன்று பாகை தள்ளி இருந்தது. திருப்பி வைத்தேன், ரயில் போனது, கோடு எழவில்லை. என்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை சனிக்கிழமையே போய்விட்டது. நூலு அண்ணனை இனி வரவேண்டாம் என்று காலையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.