இடப்பக்கக் கண்ணாடி

கரைத்தீவு,
25.08.2024, இரவு.

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அங்கே நோய் நொடியில்லாமல் இருக்கத் தினமும் துஆ கேட்கிறேன். நாங்களும் நல்ல சுகம் என்று எழுத ஆசைதான். எழுத வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். வீட்டிலுள்ள ஒரே போன் வாப்பாவின் சட்டைப்பையில். நீங்கள் அழைத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே இருப்பார். "எல்லாம் நல்லம் நானா" என்பதைத் தவிர நான் வேறென்ன சொல்ல? நுளம்பு வலைக்குள் டோர்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதிலை என் கூட்டாளி அஸீஸாவின் விலாசத்துக்கு அனுப்புங்கள், கீழே எழுதியிருக்கிறேன்.

வாப்பா சிலாபத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த மொறிஸ் மைனர் காரைப் பற்றித்தான். கார் வேலை நல்லா நடக்குது என்று உங்களிடம் சொல்வாரே, எப்படி நடக்கிறது என்று சொல்வதில்லை. நீங்கள் பெருநாளுக்கு அனுப்பிய பழைய தகர விளையாட்டுக் காரைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே பெரிய காரைச் செய்கிறார். அதே கிளிப்பச்சை. விளையாட்டுக் காரின் கூரையில் ஒரு நெளிவு இருக்கிறது. அதற்காக நல்ல கூரையைச் சுத்தியலால் அடித்து நெளித்தார். எஞ்சினைக் கழற்றிவிட்டார். பக்கத்து வீட்டு நளீம் மாமா வேலியில் நின்று கேட்டார்: "என்ன லத்தீப், ஊரில உள்ள மீன்பிடிப் போட்டுக்கெல்லாம் எஞ்சின் திருத்திக் குடுக்கிற ஆள் நீங்க. உங்கட கார மட்டும் மையித்துச் சந்தூக்கு மாதிரி நாலு பேர் தூக்கணுமா?" வாப்பா சிரிக்கவில்லை. "விளையாட்டுக் காரில எஞ்சின் இருந்ததா?" என்றார்.

இப்போது ஜன்னல் கண்ணாடிகளுக்கு வந்திருக்கிறார். தகரக் காரின் கண்ணாடிகளில் ஆட்களின் படம் இருக்குமே, அதைப் போலவே பெரிய கண்ணாடிகளிலும் வரைகிறார். வலப்பக்கம் முன்னால் ஒரு ஆண், பின்னால் ஒரு பொடியன். இடப்பக்கம் முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண். பின்னால் மட்டும் வெறும் கண்ணாடி. நீங்கள் அனுப்பிய காரிலும் அந்த இடம் சுரண்டியிருக்கிறது. நீங்கள் வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததா?

உம்மாவைத் தெரியும்தானே. வீட்டில் உருவப்படம் இருந்தால் வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்று பிஸ்கட் டின்னில் சிரிக்கும் பிள்ளைக்குக்கூடக் கண்ணைச் சுரண்டிவிடுவார். அந்த உம்மா முற்றத்தில் நிற்கும் மூன்று முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயம்.

உங்கள் தங்கச்சி,
நிஸ்மியா

*

தோஹா,
08.09.2024

அன்புத் தங்கச்சி நிஸ்மியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தைக் கையில் வாங்கியதும் என் அறைக்காரர்கள், மின்ஹாஜுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று ஒரு சோடாப் போத்தலையே உடைத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் என் பயந்தாங்கொள்ளி!

கார்ப் பைத்தியம் வாப்பாவுக்கு மட்டும் வந்த நோயில்லை. இங்கே வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு திடலில் கூடுவார்கள். நான் வேலைசெய்யும் கராஜில் திருத்திய கார்களும் வரும். ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறேன், ஏன் இந்தக் கார் என்று. ஒரு மலையாளி அறுபது வயதில் ஜீப் வைத்திருக்கிறார், சின்னதில் அவருடைய மாமா மரத்தில் ஒரு ஜீப் செதுக்கிக் கொடுத்தாராம். ஒரு பிலிப்பைன்காரர் மஞ்சள் கார்தான் வேண்டும் என்று நான்கு வருடம் தேடியிருக்கிறார். சின்ன வயதில் கையில் இருந்ததை, அல்லது கையை விட்டுப் போனதை, வளர்ந்தபின் பெரிதாக வாங்குகிறார்கள். நான் மட்டும் என்ன? மீன் டின்னுக்குச் சோடா மூடிச் சில்லு வைத்து வாப்பா எனக்குச் செய்துதந்த கார்களால்தான் இன்று ஸ்பேனர் பிடிக்கிறேன். என் கட்டிலுக்கு அடியில் நாற்பத்து மூன்று சின்னக் கார்கள் இருக்கின்றன. உம்மாவிடம் சொல்லாதே.

அதே மாதிரி ஒரு பச்சைத் தகரக் கார் வாப்பாவின் கையை விட்டுப் போனது. எனக்குப் பத்து வயதில் ஒரு தடவை சொன்னார், பிறகு சொல்லவேயில்லை. வடக்கே எருக்கலம்பிட்டியில் இருக்கும்போது அவருக்கு எட்டு வயது, தங்கச்சி சுல்பாவுக்கு ஆறு. நம் மாமி. கண்ணாடியில் இருக்கும் நான்கு பேரும் நாங்கள்தான் என்று இரண்டு பேரும் விளையாடுவார்களாம். ஒரு நாள் சண்டையில், "உனக்கு இதில இடமில்ல, இறங்கு" என்று வாப்பா ஆணியால் அந்தப் பெண்பிள்ளையின் முகத்தைச் சுரண்டிவிட்டார். அடுத்த கிழமைதான், தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் இயக்கக்காரர்கள். காரை அங்கேயே விட்டுவிட்டு மழையில் படகேறினார்கள். கற்பிட்டியில் இறங்கி ஆட்களை எண்ணும்போது சுல்பா மாமி இல்லை. எங்கே விழுந்தார், எப்போது விழுந்தார் என்று படகில் ஒருவருக்கும் தெரியாது.

அதனால்தான் இங்கே பழைய சாமான் சந்தையில் அதே மாதிரிக் காரைக் கண்டதும் வாங்கி, என் கூட்டாளி ரிஃபாஸ் ஊருக்கு வரும்போது கொடுத்துவிட்டேன். வாப்பா சந்தோசப்படுவார் என்றுதான்.

ஆனால் ஒன்று. நான் துணியில் சுற்றும்போது நான்கு முகமும் இருந்தன. இடப்பக்கம் பின்னால் சிவப்பு ரிபன் கட்டிய பிள்ளை, நன்றாக ஞாபகம். வழியில் எங்கேயாவது உரசியிருக்கும். பயப்படாதே, படி.

மின்ஹாஜ் நானா

*

கரைத்தீவு,
24.09.2024, இரவு.

அன்புள்ள நானாவுக்கு,

வழியில் உரசவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

போன வியாழன் தலைவலியென்று பாடசாலையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டேன். நடுப்பகல். உப்பளப் பக்கமிருந்து வெள்ளையாக வெயில். தெருவில் ஒரு கோழிகூட இல்லை. வீட்டுக்குப் பின்னால் கார் ஓடும் சத்தம் கேட்டது. எஞ்சின் வைத்துவிட்டார் என்று சந்தோசமாக ஓடினேன்.

கார் மெதுவாக முற்றத்தில் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டியிருந்தது. வாப்பா பின்னால் முழங்காலில் தவழ்ந்தபடி, இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, வாயால் "ட்ரூம்… ட்ரூம்…" என்று சத்தம் போட்டார். நானா, அது வாப்பாவின் குரல் இல்லை. சின்னப் பொடியனின் குரல். வேலிக்குக் கிட்டப் போனதும் நிறுத்தி, அதே குரலில், "நீ ஓரத்தில குந்தலாம். நான் ஒண்டும் செய்யமாட்டன்" என்றார். அங்கே யாரும் இல்லை.

பிறகு என்னைக் கண்டார். எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு வாப்பாவாகவே கேட்டார்: "மகள், பின்னுக்கு இடப்பக்கம் ஒருக்காக் குந்துங்க பாப்பம்."

குந்தினேன். மற்றக் கண்ணாடிகளில் எல்லாம் பெயின்ட், உள்ளே இருட்டு. என் பக்கம் மட்டும் வெளிச்சம். வாப்பா வெளியே நின்று நெடுநேரம் என்னைப் பார்த்தார். "அசையாம இருங்க. ஓம்… அதேதான்" என்றார். ஒக்டோபர் இருபத்தேழாம் திகதி, மாமி இறங்காமல் போன அந்த நாளில், இந்தக் காரைக் களப்புத் தண்ணீருக்குக் கொண்டுபோகப் போகிறாராம். நான் அந்த இடத்தில் இருக்க வேண்டுமாம். "மாமி கற்பிட்டிக் கடலிலதானே வாப்பா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே தண்ணிதான் மகள்" என்றார்.

என்னைக் கொடுத்து மாமியை வாங்கப் போகிறாரா நானா?

அன்றிரவு உம்மாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு அழுதழுதே நடந்ததைச் சொன்னார். ரிஃபாஸ் நானா பார்சல் கொண்டுவந்தபோது வாப்பா ஜும்மாவுக்குப் போயிருந்தார். உம்மா பிரித்துப் பார்த்தால் நான்கு முகம். வழக்கம் போல் கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார். ஒன்று முடியும்போதே வாப்பா வந்துவிட்டார், உம்மா கத்தியை ஒளித்துவிட்டார். அந்த ஒன்று அந்தப் பிள்ளை. சுல்பா மாமியின் கதை உம்மாவுக்கு அன்றுவரை தெரியாது.

வாப்பா காரைத் தூக்கிப் பார்த்தாராம். அந்த இடத்தை விரலால் தடவினாராம். "ஃபாஹிமா, இது என்ட கார். என்னட்டத் திரும்பி வந்திருக்கு" என்று சொல்லி அழுதாராம். அதற்குப் பிறகு உம்மாவுக்கு வாய் வரவில்லை. "சொன்னா அவர் உடைஞ்சு போயிருவார் மகள், சொல்லாட்டி உன்ன…" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வாருங்கள் நானா.

நிஸ்மியா

*

தோஹா,
08.10.2024

தங்கச்சிக்கு,

லீவு கேட்டேன், டிசம்பருக்கு முன்னால் இல்லை என்றுவிட்டார்கள். போனில் வாப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்: "வாப்பா, அது நான் சந்தையில் வாங்கின கார்." சிரித்தார். "உன்ட கையால வந்திருக்கு, அவ்வளவுதான் மகன்" என்றார். பின்னால் உம்மா இருமும் சத்தம் கேட்டது. உம்மாவின் விசயத்தை நான் சொன்னால் அவருக்கு நெஞ்சு வெடித்துவிடுமோ என்று பயம் வந்தது. லைன் கட்டாகிவிட்டது போலப் போனை வைத்துவிட்டேன். நானும் பயந்தாங்கொள்ளிதான்.

நீ அந்தக் காரில் ஏறாதே. அஸீஸா வீட்டுக்குப் போய்விடு. முடியாமல் போனால், தண்ணீருக்குக் கிட்டப் போகும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடு. உடைந்தால் உடையட்டும், ஆள் மிஞ்சுவார்தானே. நீயும் மிஞ்ச வேண்டும்.

என் சின்னக் கார்களை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். இரவில் அவற்றைப் பார்க்க முடியவில்லை.

மின்ஹாஜ்

*

கரைத்தீவு,
03.11.2024, காலை.

அன்புள்ள நானாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பகலில், மேசையில் வைத்து எழுதுகிறேன். வாப்பாவே தபாலில் போடப் போகிறார்.

அஸீஸா வீட்டுக்கு நான் போகவில்லை. நான் போனால் வாப்பா தனியே தண்ணீருக்குள் இறங்கிவிடுவார் என்று தோன்றியது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வாப்பா ட்ரைவர் கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளினார். உம்மா பின்னால் தள்ளினார். நான் இடப்பக்கம். மழை இருட்டியிருந்தது. அந்தக் கிரவல் ரோட்டில் பார்த்தவர்கள் ஒருவரும் பகிடி விடவில்லை. கண்ணாடியில் இருந்த முகங்களோடு என் முகத்தையும் பார்த்து ஒதுங்கி நின்றார்கள்.

முன் சில்லு இரண்டும் தண்ணீரில் இறங்கியதும் வாப்பா சுற்றி வந்து என் கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பிக் களப்பைப் பார்த்து, "ஏறு சுல்பா" என்றார்.

நான் சொன்னேன்: "வாப்பா, அந்த முகத்தச் சுரண்டினது உம்மா. அது உங்கட கார் இல்ல."

உம்மா பின்னாலிருந்து வந்தார். "ஓம். நான்தான். படமெண்டு சுரண்டினன். எனக்குத் தெரியாது, அல்லாஹ் மேல ஆணை."

வாப்பா கதவுப் படியில் அப்படியே குந்திவிட்டார். கால் தண்ணீருக்குள். பிறகு என்னிடம் மட்டும் சொல்வது போலச் சொன்னார்:

"சுரண்டினது பிழையில்ல மகள். சின்னச் சண்ட. என்ட பிழை அதுக்குப் பிறகு. படகில அவ ஓரத்தில குந்தணுமெண்டு அழுதா. கார்லதான் இடம் குடுக்கல்ல, இதிலயாவது குடுப்பமெண்டு எழும்பி என்ட ஓரத்தக் குடுத்திட்டன். சமாதானமெண்டு கையும் குடுத்தா. பிறகு நான் நித்திர."

முப்பத்து நான்கு வருடமாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லையாம்.

எழும்பி என் தோளைத் தொட்டார். "ஓரத்தில குந்தாத மகள். நடுவுக்கு வா." நகர்ந்தேன். அப்போதுதான் நானா, வாப்பா என்னை யாருக்கும் கொடுக்கக் கொண்டுவரவில்லை என்று எனக்கு விளங்கியது. கதவை இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தார். பிறகு மெதுவாகச் சாத்தினார். சாத்தும் முன் குனிந்து, சட்டை விளிம்பு கதவில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார். நான் நடுவில் இருந்தேன். அங்கே என் சட்டை இல்லை.

திரும்பும்போது கார் அசையவில்லை. நளீம் மாமாவும் இன்னும் மூன்று பேரும் வந்து கை கொடுத்தார்கள். "என்ன லத்தீப், போகக்குள்ள ஒரு ஆள், வரக்குள்ள ஊரையே ஏத்திட்டீங்களா?" என்று மூச்சு வாங்கினார். மணலில் புதைந்திருக்கும் என்று உம்மா சொன்னார்.

மறுநாள் வாப்பா தின்னர் போட்டு மூன்று முகங்களையும் துடைத்தார். கூரை நெளிவைத் தட்டி எடுத்தார். எஞ்சினையும் திரும்ப வைத்துவிட்டார். கார் இப்போது உண்மையாகவே ஓடுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறார், பாட்டுக்கூட முணுமுணுக்கிறார். என்னைப் பாடசாலைக்கும் அதிலேயே கூட்டிப்போகிறார். ஒரு குறைதான். பின்னால் இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நிற்கிறது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை இரண்டு தடவை மாற்றினார். மாற்றிய மறுநாள் திரும்பவும் தாழ்ந்துவிடும். மூன்றாம் தடவை மாற்றவில்லை.

உங்கள் சின்னக் கார்களைப் பெட்டியிலிருந்து எடுங்கள். அவற்றில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் இப்போது பயமில்லை. நேற்று அஸீஸா பின்னால் ஏறப் பார்த்தாள், முன்னால் குந்தச் சொன்னேன். டிசம்பரில் வரும்போது நீங்களும் முன்னால்தான் குந்த வேண்டும் நானா.

பின்னால் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.

அன்புடன்,
நிஸ்மியா